அலொட்மென்ட் கொட்டிலில் தேத்தண்ணியும் சிறு சமையலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் உள்ளூராட்சிக் கவுன்சிலிடம் அலொட்மென்ட் என்ற குத்தகைத் தோட்டத் துண்டு எடுத்து மிளகாய், கீரை, பூசணி, பயற்றை என்று போடுகிற தமிழர்கள் லண்டனிலும் அதைச் சுற்றியும் நிறையப் பேர். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையில் பஸ் பயணமோ கார் பயணமோ இருக்கும். போனால் அரைநாள் போய்விடும், பசிக்கும், குளிரும். அங்கே இருப்பது ஆறடிக்கு எட்டடி மரக்கொட்டில் ஒன்றுதான். மின்சாரம் இல்லை, குசினி இல்லை, பெரும்பாலும் நல்ல தண்ணீரும் இல்லை. அந்த நிலைமைக்கான கேள்விகளும் பதில்களும் இவை.

கொட்டிலுக்குள் அடுப்பு மூட்டலாமா?

வேண்டாம். கேத்தில், தேயிலை, கோப்பை, நெருப்புப்பெட்டி எல்லாம் கொட்டிலுக்குள் இருக்கட்டும். நெருப்பு மட்டும் வெளியே, வாசலில் இருந்து குறைந்தது ஒரு மீற்றர் தள்ளி, சீமெந்துக் கல்லின் மேல் இருக்கட்டும். 60 சென்ரிமீற்றர் சதுரக் கல் ஒன்றை மட்டமாகப் பதித்தால் அதுவே உங்கள் குசினி.

காரணம் இரண்டு. முதலாவது தீ. கொட்டில் காய்ந்த பலகை. உள்ளே புல்வெட்டி இயந்திரத்துக்கான பெற்றோல் இருக்கும், மண்ணெண்ணெய் இருக்கும், கயிறும் பிளாஸ்ரிக் சாடிகளும் இருக்கும். இரண்டாவது காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, குமட்டல், தலைச்சுற்று என்று தொடங்கும். தடிமன் வரப்போகிறது என்று நினைத்து மனிதர் அப்படியே உட்கார்ந்துவிடுவார்.

கதவைத் திறந்து வைத்தால் போதாதா?

போதாது. மழையும் குளிரும் வந்தால் அந்தக் கதவை நீங்களே சாத்துவீர்கள். எல்லாவற்றிலும் மோசம், இறைச்சி சுட்டு முடித்த கரியடுப்பைக் "குளிர்காய" உள்ளே கொண்டுவருவது. சுவாலை அடங்கி, கரி சாம்பல் பூத்துக் கனன்றுகொண்டிருக்கும்போதுதான் அந்த வாயு நிறைய வரும். கூடாரங்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கொட்டிலும் கூடாரம் போலத்தான்.

எச்சரிக்கைக் கருவி வாங்குவதானால் ஈஎன் 50291-2 என்று குறித்திருப்பதை வாங்குங்கள். அது கரவன், படகு போன்ற இடங்களுக்கான தரம். ஆனால் கருவி இருக்கிறது என்பதற்காக உள்ளே அடுப்பு மூட்டக்கூடாது. தலையிடி வந்தால் உடனே வெளியே வந்து நல்ல காற்றை எடுங்கள். மயக்கமோ தள்ளாட்டமோ இருந்தால் 999 என்ற அவசர எண்ணுக்கு அழையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1922ஆம் ஆண்டு அலொட்மென்ட் சட்டம் இந்தத் தோட்டத்தை, பயிரிடுபவரும் குடும்பமும் சாப்பிடுவதற்கு மரக்கறியோ பழமோ விளைவிக்கும் நிலம் என்று வரையறுக்கிறது. அடுப்பைப் பற்றிப் பேசுவது உங்கள் குத்தகைப் பத்திரம்தான். கொட்டிலின் அளவு, தீ மூட்டும் மாதங்கள், காஸ் உருளை வைக்கலாமா என்பதெல்லாம் ஒவ்வொரு கவுன்சிலிலும் ஒவ்வொரு மாதிரி. பல இடங்களில் கோடையில் குப்பை எரிக்கவே தடை. பத்திரத்தில் தெளிவில்லை என்றால் தளப் பொறுப்பாளரிடம் "சின்னக் காஸ் அடுப்பில் தண்ணீர் சுடவைக்கலாமா" என்று குறிப்பாகக் கேளுங்கள். "சமைக்கலாமா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாக "இல்லை" என்றே பதில் வரும். கொட்டிலுக்குள் புகைக்குழாயுடன் விறகடுப்பு பொருத்தும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

எந்த அடுப்பு வாங்குவது?

பெரும்பாலானவர்களுக்குப் பெட்டி மாதிரித் தட்டையான ஒற்றைக் காஸ் அடுப்பே போதும். பக்கத்து அறைக்குள் ஏறத்தாழ 220 கிராம் பியூட்டேன் பேணியைப் படுக்க வைத்து நெம்பினால் பூட்டிக்கொள்ளும். அகலமாக நிற்பதால் சட்டி சரியாது, வட்டாரக் கடைகளிலேயே பேணி கிடைக்கும்.

இந்த அடுப்பில் எங்கள் ஆட்கள் விடும் பிழை ஒன்று உண்டு: பெரிய ரொட்டித் தட்டையோ தோசைக்கல்லையோ தூக்கி வைப்பது. தட்டு பேணி அறைக்கு மேலே நீண்டால் வெப்பம் கீழே திரும்பிப் பேணியைச் சுடவைக்கும், பேணி வெடிக்கலாம். இரண்டு அடுப்பை ஒட்டி வைத்து ஒரே கல்லைப் போடுவது அதைவிட ஆபத்து. அடிப்பாகம் 20 முதல் 22 சென்ரிமீற்றருக்கு மேற்படாத சட்டியே இதற்குச் சரி. காற்றுக்கு மறைப்பு வைத்தாலும் மூன்று பக்கம் மட்டும் வையுங்கள். பேணிப் பக்கம் திறந்திருக்க வேண்டும்.

மெத்ஸ் என்ற எரிசாராயம் ஊற்றும் ஸ்பிரிட் அடுப்பு சத்தமில்லாதது, பழுதாகவும் ஒன்றுமில்லை. ஆனால் பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றினால் நெருப்பு போத்தலுக்குள் ஓடும். மூடி போட்டு அணைத்து, கையால் தொடக்கூடிய அளவு ஆறிய பிறகே மீண்டும் நிரப்ப வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இந்த அடுப்பு வேண்டாம்.

ஒரு பேணி காஸ் எவ்வளவு நாள் வரும்?

10 பாகையில் இருக்கும் 1 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 380 கிலோயூல் வேண்டும். சின்ன அடுப்பில் பாதி வெப்பம் காற்றோடு போய்விடும் என்று வைத்தால், லீற்றருக்கு 16 கிராம் காஸ். அதாவது ஒரு பேணியில் 12 முதல் 14 லீற்றர், இரண்டு கோப்பைத் தேத்தண்ணி என்றால் சுமார் 28 தடவை. காற்று அடிக்கிற நாளில் மூடியில்லாத சட்டியில் வைத்தால் இந்தக் கணக்கு பாதியாகிவிடும். மூடி போடுங்கள், வேண்டிய தண்ணீரை மட்டும் அளந்து ஊற்றுங்கள்.

மார்கழி, தையில் அடுப்பு மினுங்கிவிட்டு அணைகிறது. பழுதா?

பழுதில்லை. பியூட்டேன் கொதிக்கும் வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ −0.5 பாகை. அதைவிடக் குளிர்ந்தால் பேணிக்குள் திரவமாகவே கிடக்கும். 3, 4 பாகையிலும் எரிய எரியப் பேணி தானே குளிர்ந்து அழுத்தம் இறங்கிவிடும். பேணியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போங்கள், அல்லது கைபொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சில நிமிடம் வைத்துத் துடைத்துப் பூட்டுங்கள். கொதிதண்ணீர் கூடவே கூடாது, நெருப்புக்குக் கிட்டக் காட்டவும் கூடாது.

குளிர்காலம் முழுக்கத் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குப் புரொப்பேன்தான் வழி. அது −42 பாகை வரை ஆவியாகும். கலோர் நிறுவனத்தின் உருளைகளில் நீலம் பியூட்டேன், சிவப்பு புரொப்பேன். அழுத்தச் சீராக்கி இரண்டுக்கும் வேறு: பியூட்டேனுக்கு 28 மில்லிபார், புரொப்பேனுக்கு 37. பூட்டியதும் மூட்டுகளில் பாத்திரம் கழுவும் சோப்பு நுரையைப் பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. உருளையைக் கொட்டிலுக்கு வெளியே, நிமிர்த்தி வையுங்கள். இந்த வாயுக்கள் காற்றைவிடப் பாரமானவை. கசிந்தால் மேலே போகாது, தரையில் படுத்துக் கிடந்து நெருப்புக்குக் காத்திருக்கும்.

கூரையில் சூரியத் தகடு போட்டு மின் கேத்தில் வைக்கலாமே?

கணக்குப் பார்த்தால் ஆசை அடங்கிவிடும். 1 லீற்றரைக் கொதிக்க வைக்க 105 வாற்-மணி வேண்டும். காரில் பாவிக்கும் 12 வோல்ற் கேத்தில் 150 வாற் என்றால், இழப்பே இல்லாவிட்டாலும் 42 நிமிடம். வீட்டுக் கேத்திலை, மின்கலத்து மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக்கும் இன்வேர்ட்டர் மூலம் ஓட்டினால் 2,000 வாற்றுக்கு மின்கலத்தில் இருந்து 160 அம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்குரிய தடித்த கம்பியும் மின்கலமும் ஒரு வருடக் குத்தகையைவிட விலை. தகடு விளக்குக்கும் கைத்தொலைபேசிக்கும் நல்லது.

புகைபோக்கிக் கேத்தில் எப்படி வேலை செய்கிறது?

இரட்டைச் சுவர்க் கேத்தில் அது. நடுவில் குழாய், குழாயைச் சுற்றித் தண்ணீர், அடியில் சின்ன நெருப்புத் தட்டு. அயர்லாந்தின் கெலி கேத்தில் இந்த வகையில் பெயர்போனது. நாலைந்து கைப்பிடி காய்ந்த சுள்ளியில் 1.2 லீற்றர் ஐந்தாறு நிமிடத்தில் கொதித்துவிடும். காற்று அடித்தால் இன்னும் நன்றாக எரியும். மற்ற அடுப்புகள் தோற்கிற நாளில் இது வெல்லும், வாங்குகிற காசுக்குப் பெறுமதி.

தட்டின் ஓட்டை காற்று வரும் பக்கம் பார்க்கட்டும். கடதாசி, பென்சில் தடிப்புச் சுள்ளி என்று மூட்டி, தண்ணீர் நிரப்பிய கேத்திலை மேலே வைத்துக் குழாய்க்குள் சுள்ளியைப் போட்டுக்கொண்டே இருங்கள். முதல் இரண்டு நிமிடம் அடியில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழும். ஓட்டை இல்லை, குளிர்ந்த உலோகத்தில் படியும் ஆவிதான். தக்கையைத் தீ மூட்டும் முன்னரே கழற்ற வேண்டும். தக்கையோடு சுடவைத்தால் ஆவி அடைபட்டுக் கொதிதண்ணீர் முகத்துக்குப் பாயும். தண்ணீர் இல்லாமல் எரித்தால் கேத்தில் அன்றோடு போச்சு. தூக்கும்போது பிடியின் இரு பக்கத்தையும் பக்கவாட்டில் பிடியுங்கள், கை குழாய்க்கு மேலே போகக்கூடாது.

விறகு எதுவும் விறகு என்று எண்ணாதீர்கள். செரி லோரல் வேலியின் கொப்புகள், யூ மரம், பூச்சு அடித்த பலகை, பழைய பச்சை நிறம் ஏற்றிய வேலிக்கட்டை வேண்டாம். அந்தக் கட்டைகளில் ஆர்சனிக் இருக்கக்கூடும். பலெட் பலகையில் எச்டி (HT) என்ற முத்திரை இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எரிக்கலாம். எம்பி (MB) என்றால் மெதில் புரோமைட் நஞ்சு ஏற்றியது, தொடவேண்டாம். சுத்தமான விறகுச் சாம்பலை வெங்காயப் பாத்திக்குத் தூவலாம். உருளைக்கிழங்குக்கு வேண்டாம், கிழங்கில் சொறி வரும்.

தோட்டக் குழாய்த் தண்ணீரில் தேத்தண்ணி போடலாமா?

"குடிநீர்" என்று எழுதியிருந்தால் மட்டும். வாளி அமிழ்த்தும் தொட்டித் தண்ணீரும் பீப்பாயில் சேர்ந்த மழைத் தண்ணீரும் குடிக்க ஆகாது. எலி மூத்திரம் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வரும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கூரைத் தார்ப்பூச்சும் களைநாசினியும் போகாது. குளிர்காலத்தில் குழாய் வெடிக்காமலிருக்கப் பல தளங்களில் தண்ணீரையே நிறுத்திவிடுவார்கள். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். கொட்டிலில் விட்டு வைக்கும் கலனை முக்கால் மட்டுமே நிரப்புங்கள். உறைந்தால் விரியும்.

நல்ல தேத்தண்ணிக்கு அளவு என்ன?

இரண்டு கோப்பைக்கு 450 மில்லிலீற்றர் தண்ணீர். தட்டிய இஞ்சி ஒரு துண்டு போட்டு முழுக் கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, தூள் தேயிலை இரண்டு தேக்கரண்டி போட்டு மூடுங்கள். 4 நிமிடம். வடித்து ஆத்திக் குடியுங்கள். தேயிலையை அடுப்பிலேயே கொதிக்க விடுவது காஸுக்கும் கேடு, வாய்க்கும் கசப்பு. வெளியில் குளிர் என்றால் கேத்திலைத் துணியால் சுற்றி வையுங்கள். இல்லாவிட்டால் சாயம் இறங்க முதல் தண்ணீர் ஆறிவிடும்.

லண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். வெறும் தேத்தண்ணியின் மேல் படலம் கட்டுவது அதனால்தான். இரண்டு சொட்டுத் தேசிக்காய் விட்டால் படலம் போகும். கேத்திலில் வெள்ளை படிந்தால் வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் ஊற்றி ஒரு மணிநேரம் விட்டுக் கழுவுங்கள்.

பாலுக்கு என்ன செய்வது?

பால்மா. நன்கு மூடும் சின்னப் போத்தலில் பால்மாவும் சீனியும் கலந்து வையுங்கள், கோப்பைக்கு இரண்டு மேசைக்கரண்டி. கட்டிபடாமல் இருக்க, முதலில் கொஞ்சம் சூடான சாயத்தில் குழைத்துவிட்டு மிச்சத்தை ஊற்றுங்கள். பால் ஊற்றிய தேத்தண்ணியைச் சுடுதண்ணிப் போத்தலில் மணிக்கணக்காக வைத்தால் புளித்த வாடை வரும். மூடி றப்பரில் ஏறிய அந்த மணம் இலேசில் போகாது.

தோட்டத்து இலைகளில் தேநீர்?

புதினா, எலுமிச்சை மணமுள்ள லெமன் பாம், தைம் மூன்றும் தாராளமாக. ஒரு கைப்பிடி இலைக்கு 300 மில்லிலீற்றர் கொதிநீர், 5 நிமிடம். கம்ஃப்ரி இலை உரக்கரைசலுக்கு உரியது, குடிக்க வேண்டாம். அதில் ஈரலைத் தாக்கும் பொருள் உண்டு. பூக்காத காலத்தில் ஃபொக்ஸ்குளோவ் இலையும் கம்ஃப்ரி இலையும் ஒன்றுபோலத் தெரியும். ஃபொக்ஸ்குளோவ் இதயத்தை நிறுத்தும் நஞ்சு. நீங்களே நட்டதை மட்டும் பறியுங்கள். மல்லித்தண்ணி வேண்டுமென்றால் வீட்டில் காய்ச்சிக் கொண்டுபோங்கள். அரைமணிநேரம் சுண்டவைக்கச் சின்னப் பேணி காணாது.

சோறு கட்டிக்கொண்டு போகலாமா?

காலையில் ஆக்கிய சோற்றைச் சுடச்சுட அகலவாய்ச் சுடுசாப்பாட்டுப் போத்தலில் அடைத்தால் போகலாம். ஆறிய சோற்றைச் சாதாரணப் பெட்டியில் போட்டு, கோடைக் கொட்டிலில் நாலு மணிநேரம் வைத்து, மதியம் சூடாக்குவதுதான் பிழை. சோற்றில் உள்ள பசிலஸ் கிருமியின் வித்துகள் ஆக்கும்போது சாவதில்லை. இளஞ்சூட்டில் பெருகி நஞ்சை விடும், அந்த நஞ்சு சூடாக்கினாலும் போகாது. முதல்நாள் சோறு என்றால் ஒரு மணிநேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்ததாக, 24 மணிநேரம் தாண்டாததாக இருக்கட்டும்.

சுடுசாப்பாட்டுப் போத்தலுக்குள் முதலில் கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் மூடி வையுங்கள். அதை ஊற்றிவிட்டுச் சாப்பாட்டைக் கழுத்து வரை நிரப்புங்கள். பாதி நிரப்பிய போத்தல் சீக்கிரம் ஆறும். உங்கள் போத்தல் நல்லதா என்று அறிய, கொதிநீர் நிரப்பி 5 மணிநேரம் கழித்து வெப்பமானியால் பாருங்கள். 63 பாகைக்குக் கீழே இறங்கியிருந்தால் அது தேத்தண்ணிக்கு மட்டும்.

அடுப்பே இல்லாமல் போத்தலில் வேகவைக்க முடியுமா?

மைசூர்ப் பருப்பு வேகும். 60 கிராம் பருப்பைக் கழுவி, 400 மில்லிலீற்றர் தண்ணீர், மஞ்சள், உள்ளி, சீரகத்தோடு வீட்டில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, சூடேற்றிய போத்தலில் ஊற்றி மூடுங்கள். இரண்டு மணிநேரத்தில் பருப்புச் சூப். உப்பைக் கடைசியில் சேருங்கள். பாண் தோய்த்துச் சாப்பிட இதைவிட இலேசான மதியச் சாப்பாடு இல்லை.

சிவப்புக் கிட்னி அவரையை மட்டும் இப்படிச் செய்யவே கூடாது. ஊறவைத்து, ஊறிய தண்ணீரை ஊற்றி, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் கொதி குறையாமல் அவிக்காவிட்டால் அதன் நஞ்சு அழியாது. போத்தலின் 80 பாகைச் சூட்டில் அவரை மெத்தென்று வந்தாலும் வாந்தி நிச்சயம். பேணியில் வரும் அவித்த அவரை பாதுகாப்பானது.

பறித்தவுடன் சமைக்க எது நல்லது?

கேல் வறை. 150 கிராம் கேல் இலையை நரம்பு நீக்கி, வெள்ளை ஈயும் புழுவும் போக உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் போட்டு, நல்ல தண்ணீரில் அலசிச் சிறிதாக அரியுங்கள். அரை வெங்காயம், இரண்டு செத்தல் மிளகாய், அரைத் தேக்கரண்டி கடுகு, கால் தேக்கரண்டி மஞ்சள் எல்லாம் வீட்டிலேயே ஒரு பெட்டியில் தயார். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு வெடித்ததும் வெங்காயம், மிளகாய். பிறகு கேல், மஞ்சள், உப்பு, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். மூடி 3 நிமிடம். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல் போட்டு ஒரு பிரட்டு, இறக்குங்கள். துருவல் காய்ந்ததென்றால் முன்பே சுடுநீர் தெளித்து வையுங்கள், இல்லாவிட்டால் வாயில் மரத்தூள். தண்ணீர் கூடினால் வறை அவியலாகிவிடும். அரிந்த இலையை நன்றாக உதறிப் போடுங்கள்.

இனிப்புச் சோளத்துக்குத் தண்ணீர் கொதித்த பிறகுதான் பொத்தியை முறிக்க வேண்டும். பறித்த கணத்தில் இருந்து அதன் சீனி மாப்பொருளாக மாறத் தொடங்கிவிடும். 4 நிமிடம் போதும்.

தேங்காய் ரொட்டிக்கு மாவை (200 கிராம் கோதுமை மா, 60 கிராம் தேங்காய்த் துருவல், உப்பு, ஏறத்தாழ 110 மில்லிலீற்றர் தண்ணீர்) வீட்டில் குழைத்து நாலு உருண்டையாகக் கொண்டுபோங்கள். காற்றில் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நிற்கும். மெல்லிதாகத் தட்டுங்கள், சட்டியை மூடிச் சுடுங்கள்.

கூர்ஜெட் ஒன்று கசந்தது. உப்புப் போட்டுச் சமாளிக்கலாமா?

துப்பிவிடுங்கள். பாகற்காய்க்குக் கசப்பு இயல்பு. கூர்ஜெட், பூசணி, சுரை, வெள்ளரியில் கடும் கசப்பு வந்தால் அது குக்குர்பிட்டசின் என்ற நஞ்சு, சமைத்தாலும் போகாது. பெரும்பாலும் வீட்டில் சேமித்த விதை அலங்காரப் பூசணியோடு கலப்பானதால் வருவது. அந்தச் செடியைப் பிடுங்கி எறியுங்கள், விதை எடுக்க வேண்டாம்.

எலி வராமல் எப்படி?

தேயிலை, சீனி, பால்மா, நூடில்ஸ் எல்லாம் மூடி இறுகும் தகரப் பெட்டியில். பிளாஸ்ரிக் பெட்டியை எலி ஓரிரவில் கடித்துத் திறக்கும். தேயிலைச் சக்கையையும் பச்சைத் தோலையும் உரக்குப்பைக் குவியலில் போடலாம். பல தேயிலைப் பைகளில் பிளாஸ்ரிக் இழை இருப்பதால் கிழித்துச் சக்கையை மட்டும் போடுங்கள். சோறு, கறி, எண்ணெய் பட்ட எதுவும் அங்கே போகக்கூடாது. எண்ணெய்ச் சட்டியைக் கடதாசியால் துடைத்து, கடதாசியோடு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவுங்கள்.

புறப்படும்போது என்ன பார்ப்பது?

பேணியை அடுப்பில் இருந்து கழற்றுங்கள். உருளையென்றால் வால்வை மூடுங்கள், சீராக்கியை மட்டும் மூடுவது போதாது. சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை மேலே பிடித்துச் சூடு தெரிகிறதா என்று பாருங்கள். கேத்திலில் தண்ணீர் விடாதீர்கள், இரவு உறைந்தால் மூட்டு விரியும். நெருப்புப்பெட்டியைத் தகரப் பெட்டிக்குள் போடுங்கள், வெளியில் விட்டால் அடுத்த வாரம் ஈரத்தில் ஒரு குச்சியும் பற்றாது.